பொதி மாடும் கொழுந்துக் கூடையும்

குதிரைத் திறன் என்ற அளவை நமது ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குகிறார்கள். அதன் கதை பலருக்கும் தெரிந்ததே. நீராவி இயந்திரத்தை விற்க முற்பட்ட ஜேம்ஸ் வாட், தமது இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்க வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கவல்லது என்று அவர் கணக்கிட்டார். குதிரை போய்விட்டது, கணக்கு நின்றுவிட்டது. பதுளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடிய எஞ்சின்களும் இத்தனை குதிரைத் திறன் என்றே குறிக்கப்பட்டன.

வாட் பிறந்தது ஸ்கொத்லாந்திலே, கிளைட் நதி கடலை நெருங்கும் இடத்தில் உள்ள கிரீனொக் பட்டினத்தில். அதே நதியின் மேற்பள்ளத்தாக்கிலேதான் கிளைட்ஸ்டேல் என்ற பெரும் இழுவைக் குதிரை இனம் உருவாயிற்று. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள உடம்பு, குளம்பை மூடி விழும் வெண்மயிர், பரந்த மார்பு. உழவுக்கும், நிலக்கரி வண்டிக்கும், துறைமுகச் சுமைக்கும் அதுவே ஏற்றதாயிருந்தது. இங்கிலாந்தின் ஷயர், பிரான்சின் பெர்ஷெரோன் ஆகியன அதன் உறவினங்கள். நீராவியின் யுகம் பிறந்ததும் குதிரை ஒழிந்தது என்று எண்ணுவது தவறு. இரயில் நிலையம் வரை வந்து இறங்கிய சரக்கை வீதிதோறும் கொண்டு சேர்க்க முன்னிலும் அதிகக் குதிரைகள் தேவைப்பட்டன. கிளைட்ஸ்டேல் இனத்துக்கெனத் தனிச் சங்கம் அமைந்ததே 1877-இல்தான். அப்போது பிரித்தானியாவில் இருப்புப்பாதை போடாத மூலை அரிது.

இந்தக் குதிரைகளை நாம் இங்கு நினைப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் மலைகளிலே கோப்பியும் பின்னர் தேயிலையும் நட வந்த துரைமாரிற் பெருந்தொகையினர் ஸ்கொத்லாந்துக்காரர்கள். 1852-இல், பதினேழு வயது இளைஞனாக வந்து, 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்நாட்டவர். 1890-இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், கிளைட் நதிக்கரைக் கிளாஸ்கோவிலே பிறந்தவர். ஏர் முனையிலும் வண்டி நுகத்திலும் மிருகத்தைப் பூட்டிப் பழகிய நாட்டின் மக்கள், இங்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை எங்கே தொலைத்தார்கள்? ஊவா மலைகளில் மூட்டையை இழுத்தது எது? சுமந்தது யார்? இக்கேள்வியைக் கேட்காமல் தேயிலையின் சரித்திரத்தை எழுதுபவர்கள், வண்டி தானாகவே ஓடியது என்று எழுதுகிறார்கள்.

வெள்ளையர் வருமுன்னர் ஊவாவின் சுமை மாட்டின் முதுகில் இருந்தது. கண்டி மன்னர் தம் நாட்டுக்குள் அகன்ற பாதைகள் அமைவதை விரும்பவில்லை; பாதை திறந்தால் படை வரும். ஆகவே ஒற்றையடித் தடங்களிலே, இருபுறமும் பொதி தொங்க, மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. இதற்குத் தவளம் என்று பெயர். அம்பாந்தோட்டைக் கரையின் உப்பு, வெல்லவாய வழியாக, இன்று நாம் கொஸ்லாந்தை என்றும் பெரகலை என்றும் வழங்கும் சரிவுகளைத் தாண்டி உள்நாடு சென்றது. பாக்கும் மலைப் பொருள்களும் கீழிறங்கின. குட்டையான, கறுத்த, மலையேறப் பழகிய நாட்டு மாடுகளே இதற்கு உதவின. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த உயரமான மாடுகள் வண்டிக்கு நல்லவை. செங்குத்தான தடத்துக்கு ஆகா.

கண்டி அரசில் இந்தப் பொதி மாட்டுப் போக்குவரத்து ஒரு தனித் துறையாகவே இருந்தது. மடிகே என்று வழங்கிய அத்துறையைச் சேர்ந்தோர் அரசனுடைய உப்பையும் தானியத்தையும் சுமந்து செல்வதை ஊழியமாகச் செய்தனர். அவர்களிற் பலர் முஸ்லிம்கள். 1815-இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், வெல்லஸ்ஸை மடிகேயின் தலைமையைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்பவரிடம் ஒப்படைத்தனர். 1817-இல் ஊவாவில் வெடித்த பெருங் கிளர்ச்சிக்கு இந்நியமனமும் ஒரு காரணம் என்பதைச் சரித்திராசிரியர்கள் ஏற்கிறார்கள். பொதி மாட்டை யார் ஆளுவது என்ற கேள்வியிலே ஓர் அரசின் அதிகாரம் அடங்கியிருந்தது! அவ்வாண்டு அக்டோபரிலே பதுளை அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். அதன்பின் நடந்ததை ஊவா மறக்கவில்லை. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, மாடுகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டும் பறிக்கப்பட்டும் போயின. 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொலையின் தலை வீழ்ந்தபோது அம்மாகாணத்தின் உழவு மாடும் பொதி மாடும் அநேகமாக ஒழிந்திருந்தன. ஊவாவின் உழைப்பு மிருகங்கள் முதன்முதலாக அழிந்தது கொள்ளை நோயினால் அல்ல, அரசாங்கக் கட்டளையினால் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

பிறகு பாதைகள் வந்தன. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிச் சாலை அமைந்தது. 1832-இல் அதில் குதிரைகள் பூட்டிய தபால் கோச்சு ஓடத் தொடங்கிற்று. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்பார்கள். ஆனால் குதிரை இத்தீவுக்குச் சொந்த மிருகம் அன்று. நெடுந்தீவிலே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர்; அவற்றின் சந்ததிகள் இன்றும் அத்தீவின் வெளிகளில் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. அவை சிற்றுருவின, மலைச்சுமைக்கு வந்தவை அல்ல. அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளோ விலை மிகுந்தவை. கொள்ளு இறக்குமதி, மருந்து இறக்குமதி, இலாடம் அடிக்கும் கொல்லனும் எளிதிற் கிடையான்.

ஊவாவுக்கு அண்டையிலுள்ள நுவரெலியாவில், 1848-இல், சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறு இங்கிலாந்தையே நிறுவ முயன்றார். குதிரை, கோச்சு வண்டி, உயர்சாதிப் பசு, காளை, வேட்டை நாய்கள், கொல்லன் எல்லாம் கப்பலேறின. றம்பொடைக் கணவாயிலே அவருடைய குதிரைக்காரன், தானும் ஓர் ஆங்கிலேயனே, குடிவெறியில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டான். பேக்கர் இதனைத் தமது நூலில் நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். ஒரு வண்டியும் ஒரு சோடிக் குதிரையும் போனாலும் சிரிக்க முடிந்தவருடைய செல்வ நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் அவர் யானையைக் கொண்டு நிலம் உழுது பார்த்தார். யானை உண்மையிலேயே மலைநாட்டின் இழுவை மிருகம். பாதை வேலைக்குக் கல்லும் மரமும் இழுத்தது அதுதான். அத்தகைய யானைகளை ஆயிரத்துக்கும் மேலாகச் சுட்டு வீழ்த்தியவர் என்று புகழ்பெற்ற மேஜர் ரோஜர்ஸ், பதுளையின் அரசாங்க அதிகாரியாகவே இருந்தார்! 1845-இல் அப்புத்தளையிலே இடி விழுந்து அவர் இறந்தார். கிராமத்தவர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். நாம் பகுத்தறிவுவாதிகள் ஆதலால் அதை விட்டுவிடுவோம்.

ஆக, குதிரை கோச்சோடும் துரையோடும் நின்றது. கோப்பி மூட்டையை மாட்டு வண்டிதான் இழுத்தது. 1840-களிலிருந்து நாற்பது ஆண்டுகள், கோப்பியின் பொற்காலம் என்று நூல்கள் கூறும் காலம், உண்மையில் நுகத்தடியின் காலம். ஊவாவின் கோப்பி ஹல்துமுல்லை வழியாக இறங்கி, பலாங்கொடையைக் கடந்து, இரத்தினபுரியை அடையும். அங்கிருந்து களுகங்கையில் பாதைப் படகுகளிலே கடற்கரை செல்லும். தென்னங்கீற்று வேய்ந்த இரட்டை மாட்டு வண்டிகள், அடியில் ஆடும் விளக்கு, பின்னே கட்டிய வைக்கோல், அச்சுக்கு எண்ணெய் வைத்த மூங்கிற் குழாய். இரவெல்லாம் நடந்து பகலில் அம்பலத்தில் தங்கும் அந்தத் தொடர், திரும்பும்போது வெறுமையாய்த் திரும்பவில்லை. தோட்டத்துத் தொழிலாளர் உண்ணும் இந்திய அரிசியை ஏற்றி வந்தது. மழைக் காலத்தில் சக்கரம் அச்சு வரை புதையும், மாடு முழந்தாளிடும், வண்டிக்காரன் தோள் கொடுப்பான். மாட்டுக்கு வெக்கை நோய் வந்தால் வண்டிகள் வழியிலேயே நின்றுவிடும். அப்போது கோப்பியும் நிற்கும், அரிசியும் நிற்கும். கோப்பி நின்றால் கொழும்பு வர்த்தகர் விண்ணப்பம் எழுதினர். அரிசி நின்றால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் மலையில் யாரும் இல்லை.

வெக்கை நோயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனர்ட் வுல்ஃப், பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதியவர், தம் மாவட்டத்தில் இந்நோய் பரவியபோது, அவிழ்த்து விடப்பட்ட மாடுகளைச் சுட வேண்டியவரானார். உழவனுடைய வெறுப்பு அவர்மேல் விழுந்தது. நோயை நிறுத்த வேறு வழி அன்று இருக்கவில்லை என்பது மெய். ஆயினும் சுடப்பட்டது ஓர் ஏழைக் குடும்பத்தின் முழு முதல் என்பதும் மெய். அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011-இல்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1906-இல் கொழும்பிலே வண்டிக்காரர்கள் தங்களைக் கட்டுப்படுத்திய விதியொன்றுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தபோது தலைநகரின் சரக்கு அப்படியே நின்றது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் முதற் போராட்டங்களுள் இதற்கு இடமுண்டு. நுகத்தின் முன்னே மாடும் பின்னே மனிதனும் ஒருங்கே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்று ஆட்சியாளர் கண்டனர்.

ஆனால் மலையில் வண்டிக்காரர் வரவு ஏற்கனவே குறையத் தொடங்கியிருந்தது. 1867-இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை 1885-இல் நானுஓயாவுக்கும், 1893-இல் அப்புத்தளைக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும் வந்து, தெமோதரையைச் சுற்றி 1924-இல் பதுளையை அடைந்தது. இதற்கிடையில் கோப்பியே மாண்டுபோயிற்று. அதன் இலையை அழித்த பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டதும் ஊவாவிலேதான், 1869-இல், மடுல்சீமையில். கோப்பிக்குப் பதில் தேயிலை; வண்டிக்குப் பதில் இரயில்; பின்னர் லொறி. போக்குவரத்தின் வளர்ச்சி என்று பாடநூல் இதைச் சொல்லும். பாடநூல் சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது. இரயில் நிலையத்துக்கும் வண்டிச் சாலைக்கும் மேலே, தேயிலைச் செடிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே, மலைச்சரிவில் கிடக்கும் அந்தத் தூரம். அங்கே கிளைட்ஸ்டேலும் வரவில்லை, காங்கேயமும் வரவில்லை.

ஏன் வரவில்லை? சரிவு செங்குத்தானது, மிருகம் ஏறாது என்பார்கள். தவள மாடு இதே சரிவுகளில் நூற்றாண்டுகளாக ஏறியது. நேபாளத்திலும் அந்தீஸ் மலைகளிலும் கோவேறு கழுதையும் லாமாவும் இதைவிடக் கொடிய சரிவில் ஏறின. தோட்டத்தில் மாடு இல்லாமலும் இல்லை; எருவுக்காக மாட்டுப்பட்டி வைத்திருந்த தோட்டங்கள் பல. அந்த எருவைப் பட்டியிலிருந்து மலைக்குக் கொண்டுபோனது மனிதத் தலை! காரணம் சரிவில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ஒரு குதிரையையோ மாட்டையோ தோட்டம் விலைக்கு வாங்க வேண்டும். அது செத்தால் முதலில் நட்டம். ஏட்டில் நட்டமாகவே எழுதப்படும். வேலையில்லாத நாளிலும் அதற்குத் தீனி வேண்டும். இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் பஞ்சத்தால் விரட்டப்பட்டு, மன்னார்க் கரையிறங்கி, காடு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளை வந்து சேர்ந்த மனிதனையோ தோட்டம் வாங்கவில்லை. அவனுடைய வழிச் செலவு கங்காணியின் முன்பணமாக அவன் பெயரிலேயே கடனாய் ஏறியது. வழியில் பேதியில் அவன் வீழ்ந்தால் நட்டம் அவன் குடும்பத்துக்கே. வேலையில்லாத நாளில் அவனுக்குப் பேரும் இல்லை, கூலியும் இல்லை. மிருகத்தின் சாவு முதலாளியின் இழப்பு. மனிதனின் சாவு இன்னொரு கங்காணிக்கு ஒரு கடிதம். இந்த ஏற்பாட்டிலே எந்தத் துரை பொதி மாடு வாங்குவார்?

தோட்டத்தில் ஒரே ஒரு குதிரை இருந்தது. அது துரையின் குதிரை. அதைத் தேய்த்துக் குளிப்பாட்டக் குதிரைக்காரன். அதற்குப் புல் வெட்ட இன்னோர் ஆள். துரை சவாரி போனால் குதிரைக்காரன் கூடவே ஓடவேண்டும். துரை இறங்குமிடத்தில் கடிவாளம் பிடிக்க அவன் முன்னமே நிற்கவேண்டும். குதிரையின் வேகத்தில் மனிதன் ஓடுவதை அக்காலத்துப் பயணிகள் வியந்து எழுதினார்கள். குதிரை களைத்தால் இளைப்பாற்றுவது எப்படி என்றும் அவர்கள் எழுதினார்கள்.

லயம் என்ற சொல் ஆங்கிலத்தின் லைன் என்பதிலிருந்து வந்தது என்பர். குதிரை லாயம் என்பதன் குறுக்கமே என்பாரும் உண்டு. சொல்லாராய்ச்சியைப் பண்டிதர்களிடம் விட்டு, அளவு நாடாவை எடுத்துப் பார்க்கலாம். ஒரு குதிரை கட்டின்றித் திரும்பிப் படுக்கும் அறை பன்னிரண்டடிச் சதுரமாக இருக்கவேண்டும் என்பது ஆங்கிலேயரின் குதிரை வளர்ப்பு வழக்கம். ஒரு குடும்பம் சமைத்து, பிள்ளை பெற்று, நோய்ப்பட்டுக் கிடக்கும் லயக் காம்பிராவின் வழக்கமான அளவு பத்துக்குப் பன்னிரண்டு.

சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டுப் போன தொழிலாளி சிறை செல்லவேண்டும். 1907-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டப்படி, மிருகத்தைக் கொடுமையாக அடிப்பதும் அளவுக்கு மீறி ஓட்டுவதும் குற்றம். பின்னதை நாம் குறை கூறவில்லை. வாயில்லாப் பிராணிக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதே. ஆனால் முதற்சட்டத்தின் சிறைத்தண்டனை இந்தியத் தொழிலாளர் மீதிருந்து நீங்கியது 1921-இல்தான். பதினான்கு ஆண்டுகள் இவ்விரு சட்டங்களும் ஒரே நீதிமன்றத்தில் அருகருகே இருந்தன.

பெண்ணின் சுமைக்கு வருவோம். தலையில் கயிறு, கயிற்றிலே முதுகில் தொங்கும் கூடை. கொழுந்து நிறைய நிறையக் கயிறு நெற்றிக்கு மேலே அழுந்தும். பல ஆண்டு எடுத்த தாய்மாரின் உச்சியில் அந்தத் தடம் இருக்கும். குறித்த நிறை வராவிட்டால் அரைப் பேர். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தராசடியில் கழிவு. பிறகு கொழுந்துச் சாக்கு. பெரிய தோட்டங்களில் கம்பிவடம் போட்டுச் சாக்குகளை மலையிலிருந்து நேரே இறக்கினார்கள்; கம்பிவடம் உள்ள இடம் வரை சாக்கைக் கொண்டுபோவது மனிதரே.

பௌதிக ஆசிரியர்கள் விரும்பினால் வகுப்பில் இக்கணக்கைப் போடலாம். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் 20 கிலோ கொழுந்துடன் ஒரு மணி நேரத்தில் 200 மீற்றர் உயரம் ஏறுகிறாள். அவள் செய்யும் வேலையின் வேகம் ஏறக்குறைய 35 வாற்று. ஒரு குதிரைத் திறன் 746 வாற்று. ஆக, இருபத்தொரு பெண்கள் ஏறினால் ஜேம்ஸ் வாட்டின் ஒரு குதிரை. அக்குதிரைக்கு விலை கொடுத்து, லாயம் கட்டி, கொள்ளு வாங்கிப் போடுவதைவிட இருபத்தொரு பேர் மலிவு என்று கண்டவர்களே இந்தத் தொழிலை அமைத்தார்கள். 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, தொழிற்சங்கங்கள் வந்தன, தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி 1990-களில் மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போயின. கூடைதான் மாறவில்லை, மூங்கிலுக்குப் பதில் சில இடங்களில் பிளாஸ்டிக்கும் சாக்குத்துணியும் வந்திருக்கின்றன.

அப்புத்தளை முகட்டின் தெற்குச் சரிவில், தவள மாடுகள் உப்பேற்றிச் சென்ற அந்தப் பழைய திசையிலே, கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்த இருக்கிறது. மண் நழுவும் இடம் அது, மக்கள் அங்கிருந்து அகற்றப்படவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்தது. போவதற்கு வேறு நிலம் கொடுக்கப்படவில்லை. லயமும் அவர்களுடையது அன்று, லயம் நிற்கும் மண்ணும் அவர்களுடையது அன்று. வேலை செய்யும்வரை இருக்கலாம். 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மலை இறங்கி வந்து லயங்களை மூடிற்று. திரும்பி வந்த பிள்ளைகளிற் சிலருக்கு வீடு இருந்த இடம் எதுவென்று தெரியவில்லை.

எத்தனை பேர் உள்ளே என்று கேட்கப்பட்டது. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். மறுநாள் ஒரு தொகை, அதற்கடுத்து வேறொரு தொகை. நாட்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அமைச்சர்கள் ஒன்றும் அலுவலகங்கள் ஒன்றும் சொல்ல, உயிர் தப்பியவர்கள் காம்பிராவாரியாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.